இரும்பு மிதக்கும் வரை: ஃபோச்சாவில் ஒரு பகல்

துருக்கியின் இஸ்மீர் நகரத்தில் தங்கியிருப்பவர்கள் ஒரு நாள் கடலுக்குப் போய்வர நினைத்தால் பெரும்பாலும் மேற்கே செஷ்மேக்குத்தான் கிளம்புகிறார்கள். நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். பக்கத்திலிருக்கும் அலாச்சாத்தியின் காற்றும் கல்வீடுகளும் புகைப்படங்களில் அழகாக விழும். நான் வடக்கே ஃபோச்சாவுக்குப் போனேன். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த ஓர் ஆணைதான் காரணம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஓர் ஊரே கப்பலேறியது. ஒரு பெரிய இரும்புப் பாளத்தைக் கடலில் போட்டு, அது மிதந்து மேலே வரும்வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தது. அந்த ஊருக்கு அன்று போக்கேயா என்று பெயர், இன்று ஃபோச்சா. அதைப் படித்த நாளிலிருந்தே அந்த ஊரின் தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது.

செஷ்மேக்குப் போகும் நண்பர்களின் காரில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. வேண்டாம் என்றேன். ஒரே ஒரு கதைக்காக ஓர் ஊருக்குப் போகும்போது தனியாகப் போவதே நல்லது என்பது என் எண்ணம். பாறைமீது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். சந்தையில் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கலாம். கூட வந்தவருக்கு அலுத்துவிட்டதோ என்று முகத்தைப் பார்த்து நம் ஆர்வத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வேறொன்றும் உண்டு. இரண்டு பேராகப் போனால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்துவிடுகிறோம். தனியாகப் போனால் ஊர் நம்மிடம் பேசுகிறது.

இஸ்மீரின் அல்சன்ஜாக் ரயில் நிலையம் 1858இல் திறக்கப்பட்டது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் முதல் ரயில் பாதை இங்கிருந்துதான் அய்தினை நோக்கிப் போடப்பட்டது. இன்று அங்கே இஸ்பான் என்ற புறநகர் ரயில் ஓடுகிறது. கட்டண முறை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே நுழையும்போது முழுத் தூரத்துக்கான பணத்தையும் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இறங்கிய நிலையத்தில் வேறொரு கருவியில் அட்டையைக் காட்டினால், போகாத தூரத்துக்கான பணம் திரும்ப ஏறிவிடும். புதிதாக வருபவர்கள் அந்த இரண்டாவது கருவியைக் கவனிக்காமல் வெளியே போய்விடுகிறார்கள், கவனியுங்கள்.

நிலையத்துக்கு எதிரே காலை உணவாக ஒரு போயோஸும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டேன். போயோஸ் என்பது எண்ணெயில் இழுத்து இழுத்து மடித்துச் சுட்ட, இதழ் இதழாகப் பிரியும் ரொட்டி. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் தங்களோடு கொண்டுவந்த பண்டம் இது. துருக்கியின் மற்ற ஊர்களில் இதைத் தேட வேண்டும். இஸ்மீரில் இதில்லாமல் காலை விடிவதில்லை. துரத்தப்பட்டவர்கள் கொண்டுவந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு, துரத்தப்பட்டவர்களின் ஊரை நோக்கிப் போகிறேன் என்ற நினைப்பு ரயிலில் ஏறியபோதே வந்துவிட்டது.

கர்ஷியாகா, சீலி எல்லாம் கடந்து மெனமென் வந்தால் நகரம் முடிந்து சமவெளி விரிகிறது. இது கெதிஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். பழைய கிரேக்கர்கள் ஹெர்மோஸ் என்று அழைத்த ஆறு. அது இஸ்மீர் வளைகுடாவையே தூர்த்துவிடும் என்ற பயத்தில் 1886இல் அதன் போக்கை வடக்கே திருப்பிவிட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. இந்தக் கரையில் எபேசஸ், மிலேட்டஸ் என்ற இரண்டு பெரும் துறைமுகங்களும் ஆற்று மண்ணால் மூடப்பட்டுத்தான் செத்தன. அவற்றின் இடிபாடுகளிலிருந்து இன்று கடலைப் பார்க்க முடியாது. போக்கேயா மட்டும் பாறைமேல் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தது. அதன் துறைமுகம் இன்றும் துறைமுகம்தான். எதிரி காலி செய்த ஊரை மண் தொடவில்லை.

ஹதுந்தெரே நிலையத்தில் இறங்கினால் வெளியே ஃபோச்சா பஸ் நிற்கும். ஊர் நெருங்க ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது இடதுபுறமோ வலதுபுறமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சாலைக்குச் சற்று விலகி ஒற்றைப் பாறையில் குடைந்த கல்லறை ஒன்று நிற்கிறது. அதைக் 'கல் கோபுரம்' என்கிறார்கள். பாரசீக ஆட்சிக்காலத்துப் பெருமகன் ஒருவருடையது என்பது அறிஞர்களின் கருத்து. கட்டடம்போலத் தோன்றும் அதில் ஒரு கல்லைக்கூட அடுக்கவில்லை. மலையைச் செதுக்கிச் செதுக்கி எடுத்தது. பஸ் ஒரு கணத்தில் அதைக் கடந்துவிட்டது. ஊரை வென்றவன் இங்கேயே தங்கிச் செத்திருக்கிறான் என்ற செய்தி மட்டும் மனத்தில் நின்றது.

ஃபோச்சாவுக்கு இரண்டு விரிகுடாக்கள். ஒன்று சின்னக் கடல், மற்றொன்று பெரிய கடல். ஊரார் அப்படியேதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலமூக்கு நீண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் பெஷ்கபிலார் கோட்டை. தண்ணீரைப் பார்த்து ஐந்து வளைவு வாசல்கள். இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் கட்டியெழுப்பிய சுவர்களை உஸ்மானியத் துருக்கியர்கள் பிறகு செப்பனிட்டார்கள். ஜெனோவாவிலிருந்து வந்த ஜக்கரியா சகோதரர்கள் 1275ஐ ஒட்டி இங்கே படிகாரச் சுரங்கங்களின் உரிமையைப் பெற்றார்கள். துணியில் சாயம் பிடித்து நிற்கப் படிகாரம் வேண்டும்; ஐரோப்பாவின் நெசவாலைகளுக்கு அது இங்கிருந்து கப்பலில் போனது. 1455இல் ஊர் உஸ்மானியர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு இதற்குமேல் ஆர்வமில்லை. பணம் பண்ண வந்தவர்கள், பண்ணினார்கள், போனார்கள்.

நான் போனது ஜூன் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் இங்கே சந்தை நாள். தார்ப்பாய்ப் பந்தல்களுக்குக் கீழே செர்ரிப் பழக் குவியல்கள், பூசணிப் பூக்கள், நீண்ட இலைகளோடு கட்டிவைத்த பெயர் தெரியாத கீரைகள். ஏஜியன் கரையில் கீரைச் சமையலுக்குப் பேர்போனவர்கள் கிரீட் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். மற்றவர்கள் களை என்று பிடுங்கி எறிவதை அவர்கள் ஆய்ந்து, அவித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று இஸ்மீரில் மரியாதையோடு சொல்கிறார்கள். பூசணிப் பூக்களைக் காலையிலேயே பறித்து, மூடிக்கொள்வதற்கு முன் ஒன்றினுள் ஒன்றாகச் செருகி அடுக்கி வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் அவற்றுக்குள் அரிசியும் புதினாவும் வெங்காயமும் நிரப்பப்பட்டு அடுப்பேறிவிடும். நான் செர்ரியும் ஆப்ரிகாட் பழமும் வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன்.

துருக்கியில் கடற்கரை யாருக்கும் சொந்தமல்ல. அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு அதை அரசின் ஆளுகைக்குள் வைக்கிறது. 1990இல் வந்த கடற்கரைச் சட்டம், எல்லோரும் சமமாகவும் தடையின்றியும் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் பல ஊர்களில் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, குடை விரித்து, வாடகை கேட்கும் கடைகள் கரையை விழுங்கிக்கொண்டே வருகின்றன. இதைப் பற்றித் துருக்கியர்களே கோபமாகப் பேசுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஃபோச்சாவில் சாதாரணக் குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும் இடம் இன்னமும் மிச்சமிருக்கிறது. ஊருக்கு வெளியே கரையின் ஒரு பகுதி ராணுவத்தின் கையில் இருப்பதால் ஓட்டல்கள் மலைச்சரிவு முழுக்க ஏறிவிடவில்லை. எப்படியோ தப்பியிருக்கிறது, தப்பியே இருக்கட்டும்.

தனியாகக் கடலுக்கு வரும் பெண்ணுக்கு உண்மையான கேள்வி ஒன்றுதான்: பையை யாரிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவது? பாஸ்போர்ட், பணம், ஃபோன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் எப்போதும் செய்வது, பக்கத்தில் குழந்தைகளோடு வந்திருக்கும் பெரியவரைத் தேடிப் போய்க் கேட்பது. அங்கே ஒரு பாயில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா, தலையில் மெல்லிய வெள்ளைத் துணியோடு, தேநீர்க் குடுவையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்த நாலு துருக்கிச் சொற்களைக் கோத்து, "தெய்ஸே, பையைப் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்றேன். பெரியம்மா என்று நாம் கூப்பிடுவதுபோல அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பையை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து அதன்மேல் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டார். "போ மகளே, போய்க் குளி" என்றார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. ஏஜியன் கடல் ஜூனில் இன்னும் குளிர்காலத்தை முழுதாக விட்டிருக்காது. அதிலும் வடகிழக்குக் காற்றுக்குப் பேர்போன ஃபோச்சாவின் நீர் ஒரு படி கூடவே குளிரும். முதல் பத்து எட்டுகள் வைக்கப் பிடிவாதம் வேண்டும். அதன் பிறகு உடம்பு ஒத்துக்கொள்கிறது. மணல் இல்லாமல் கூழாங்கல்லும் பாறையுமாக இருப்பதால் தண்ணீர் கலங்குவதில்லை; கழுத்தளவு ஆழத்தில் நின்றும் என் கால்விரல் நகங்களைப் பார்க்க முடிந்தது. மல்லாந்து மிதந்தால் ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் தீவுகள். காதுக்குள் தண்ணீர் நிறைந்து கரையின் சத்தம் அடங்கிவிடுகிறது. நான் வெகு நேரம் வெளியே வரவில்லை.

கரையேறியபோது தெய்ஸே எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பேச்சு நடந்தது. எந்த ஊர், அம்மா அப்பா இருக்கிறார்களா, தனியாக வர அவர்கள் எப்படி விட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டார். பதில்களில் திருப்தியடைந்த பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டி கிரீட் தீவில் பிறந்தவர். 1923இல் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மதத்தை வைத்து மக்களை மாற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்கள் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்கு. நான்கு லட்சத்துக்கு நெருக்கமான முஸ்லிம்கள் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்கு. அப்படி வந்தவர்களில் ஒருத்தி அந்தப் பாட்டி. வந்தபோது துருக்கி மொழியே தெரியாது. கிரீட் முஸ்லிம்களில் பலருக்குத் தாய்மொழி கிரேக்கம். "இங்கே கிரேக்கத்தி என்றார்கள், அங்கே துருக்கிக்காரி என்றார்கள். சாகும்வரை கோபம் வந்தால் கிரேக்கத்தில்தான் திட்டுவாள்" என்றார் தெய்ஸே. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேத்தி அதை மொழிபெயர்க்கும்போது சிரிக்கவில்லை.

நான் கொண்டுபோன செர்ரியை அவர்கள் பாயில் கொட்டிவிட்டு விடைபெற்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் கடைகளின் வரிசையை விட்டு உள்தெருவில் ஒரு சின்ன உணவகத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து கடற்கீரையை உருவிக்கொண்டிருந்தார். தெனிஸ் பொருல்ஜெசி என்கிறார்கள். உப்பளச் சேற்றில், கடல்நீர் ஏறி இறங்கும் இடத்தில் முளைக்கும் சதைப்பற்றான செடி. நம் உப்பங்கழிகளில் வளரும் உமரிக்கு நெருங்கிய உறவு. அதை வேரோடு அவித்து ஆறவைத்திருந்தார். ஒரு கொத்தை எடுத்து வேர்ப்பக்கத்தை இடது கையால் பிடித்து, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தார். பச்சைச் சதை முழுவதும் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. கையில் வெளிறிய நரம்புக்கூடு மட்டும், கிளை கிளையாக, ஒடியாமல் மிஞ்சியது. இழுப்பு கொஞ்சம் வேகமானால் நரம்பு அறுந்து கீரையோடு போய்விடும். மெதுவானால் சதை மசிந்துவிடும். பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு கொத்தை என் கையில் கொடுத்து உருவச் சொன்னார்.

அதே கீரை பிறகு என் தட்டுக்கு வந்தது. நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் அவ்வளவுதான். உப்புப் போடுவதில்லை, செடியே கடலைக் குடித்து வளர்ந்தது. அதோடு பொரித்த சின்ன மீன்களும் ரொட்டியும். கடைசியாக மஸ்திக் பிசின் சேர்த்த ஐஸ்கிரீம். பைன் மரத்தின் வாசனைபோல ஒன்று மூக்கின் பின்புறம் ஏறும். அந்தப் பிசின் எதிரே இருக்கும் கியோஸ் தீவின் தென்பகுதி மரங்களிலிருந்து வருவது. கியோஸ் இந்தக் கதையில் வரப்போகும் தீவு என்பதால் அதை மெதுவாகவே சாப்பிட்டேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது நிலமூக்கின் முனைக்குப் போனேன். மேட்டில் அதீனா கோயில் இருந்த இடம். 1950களில் துருக்கியத் தொல்லியலாளர் எக்ரெம் அகுர்கல் இங்கே அகழ்ந்தார். கீழே கடலை ஒட்டிய பாறையில் சின்னச் சின்ன மாடங்கள் வெட்டியிருக்கிறார்கள், கிபெலே என்ற தாய்த்தெய்வத்துக்கு. விளக்கு வைக்க ஏற்ற அளவு. அங்கே உட்கார்ந்துதான் ஹெரோடோட்டஸின் முதல் நூலில் அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன்.

போக்கேயர்கள் கிரேக்கர்களில் முதன்முதலாக நெடுங்கடல் ஓடியவர்கள் என்று அவர் சொல்கிறார். வயிறு பெருத்த வணிகக் கப்பல்களில் அல்ல, ஐம்பது துடுப்புப் போர்க்கப்பல்களில் போனார்கள். கி.மு. 600ஐ ஒட்டி இன்றைய பிரான்சின் கரையில் மசாலியாவை நிறுவினார்கள், அதுதான் மார்சேய். அந்த நகரத்தை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் 'போக்கேய நகரம்' என்று குறிப்பிடுகிறார்கள். ஸ்பெயினில் தார்த்தெஸோஸ் நாட்டு மன்னர் அர்கந்தோனியோஸ் இவர்கள்மேல் அன்பு கொண்டு, என் நாட்டிலேயே குடியேறுங்கள் என்றார். மறுத்துவிட்டார்கள். அப்படியானால் பாரசீகர்களிடமிருந்து ஊரைக் காத்துக்கொள்ளுங்கள் என்று மதில் கட்டப் பணம் கொடுத்தார். 1989 முதல் இங்கே அகழ்ந்த ஓமெர் ஓஸ்யீயித்தின் குழு அந்த மதிலின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தது. எரிந்த வாசலும் அம்பு முனைகளும் அதோடு கிடைத்தன. ஹெரோடோட்டஸ் கதை கட்டவில்லை.

கி.மு. 546ஐ ஒட்டிப் பாரசீகத் தளபதி ஹார்ப்பகோஸ் மதிலுக்கு வெளியே வந்து நின்றான். அவன் கேட்டது மிகக் கொஞ்சம்: மதிலில் ஒரே ஒரு கொத்தளத்தை இடியுங்கள், ஒரே ஒரு வீட்டை அரசருக்கு என்று ஒதுக்குங்கள், போதும். போக்கேயர்கள் யோசிக்க ஒரு நாள் அவகாசமும், அந்த ஒரு நாள் படை மதிலைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் ஹார்ப்பகோஸ். இந்த ஓர் இடத்தில் அந்தத் தளபதிமேல் எனக்கு மதிப்பு வருகிறது. அந்த ஒரு நாளில் பெண்களையும் குழந்தைகளையும் வீட்டுப் பொருள்களையும் கோயில் திருமேனிகளையும் கப்பல்களில் ஏற்றினார்கள். வெண்கலத்தையும் கல்லையும் ஓவியங்களையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு கியோஸுக்குப் பாய் விரித்தார்கள். மறுநாள் பாரசீகர்களுக்குக் கிடைத்தது ஆளில்லாத ஊர்.

கியோஸ்காரர்களிடம் பக்கத்திலிருந்த ஒய்னூசாய் தீவுகளை விலைக்குக் கேட்டார்கள். இவர்கள் அங்கே குடியேறினால் நம் வணிகம் படுத்துவிடும் என்று அவர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். அகதிகளுக்கு ஒதுக்க ஒரு சின்னத் தீவுக்கூட்டம்கூட இல்லை. எனவே மேற்கே கோர்சிகா தீவில் தாங்கள் முன்பே நிறுவியிருந்த அலாலியாவுக்குப் போக முடிவெடுத்தார்கள். போகும் முன் ஒரு தடவை ஊருக்குத் திரும்பி வந்து, காவலிருந்த பாரசீகப் படையை வெட்டினார்கள். பின்தங்குகிறவனுக்குக் கடுமையான சாபம் இட்டார்கள். அப்போதுதான் அந்த இரும்பு கடலுக்குள் போனது.

கப்பல்கள் கோர்சிகாவுக்குப் புறப்படும்போது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை ஊரின் நினைவும் ஏக்கமும் பிடித்துக்கொண்டன என்று எழுதுகிறார் ஹெரோடோட்டஸ். சத்தியத்தை முறித்து, சாபத்தையும் பாரசீகரையும் பொருட்படுத்தாமல், ஊருக்கே திரும்பினார்கள்.

போனவர்களுக்கு வரலாற்றில் பெரிய இடம் இருக்கிறது. அலாலியாவை ஒட்டிய கடலில் இத்தாலியின் எத்ருஸ்கரோடும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜரோடும் மோதி, அறுபது கப்பல்களில் நாற்பதை இழந்து வென்றார்கள்; அந்த வெற்றி தோல்விக்குச் சமம். பிறகு தெற்கு இத்தாலியில் எலேயாவை நிறுவினார்கள். தத்துவஞானிகள் பார்மெனிடீஸும் ஸீனோவும் பிறந்த எலேயா. ஐரோப்பியத் தத்துவத்தின் ஒரு வேர் இந்தக் கரையிலிருந்து ஓடிப்போனவர்களின் வீடுகளில் முளைத்தது. அதனால் இந்தக் கதையைச் சொல்லுகிற எல்லோரும் போனவர்களின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். திரும்பியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதி, ஆணையை முறித்தவர்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போக முடியாதவனை ஆணை முறித்தவன் என்று அழைப்பது கொடுமை. ஊரை இழப்பதைவிட ஆட்சியை இழப்பது மேல் என்று ஆயிரக்கணக்கானவர்கள் தீர்மானித்தார்கள். அதற்கும் துணிச்சல் வேண்டும். திரும்பிப் போகும் கப்பலில் இருந்தவர்களுக்கு வாசலில் எதிரி நிற்கிறான் என்று தெரியும்.

திரும்பியவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. கி.மு. 494இல் இந்தக் கரையோரத்து அயோனியக் கிரேக்கர்கள் பாரசீகத்தை எதிர்த்து லாடே தீவருகே கூடியபோது மொத்தம் 353 கப்பல்கள் வந்தன. கியோஸ் நூறு அனுப்பியது, மிலேட்டஸ் எண்பது. போக்கேயா அனுப்பியது மூன்றே மூன்று. ஆனால் அத்தனை கப்பல்களுக்கும் பயிற்சி கொடுத்துத் தலைமை தாங்கியவர் போக்கேயாவின் தியோனிசியோஸ். மூன்று கப்பல்களோடு வந்தவரின் பேச்சை 350 கப்பல்காரர்கள் கேட்டார்கள் என்றால் அந்த ஊரின் கடலறிவு எப்பேர்ப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்! ஏழு நாள் வெயிலில் துடுப்பு வலித்துச் சலித்துப்போய் அவர்கள் பயிற்சியை விட்டார்கள், போரும் தோற்றது. பின்னர் போக்கேயா லெஸ்போஸ் தீவின் மித்திலேனி நகரத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பொன்னும் வெள்ளியும் கலந்த காசுகளை ஆண்டுக்கு ஒருவராக மாறி மாறி அச்சடித்தது. போக்கேயக் காசுகளில் தலை உருவத்தின் ஓரத்தில் சீல் என்ற கடல்நாயின் குட்டி உருவம் இருக்கும். ஊரின் சின்னம் அது. பாதி மக்களை இழந்த ஊர் பல தலைமுறைகளுக்குப் பிறகும் தன் பெயரில் காசு அடித்தது என்பதே திரும்பியவர்கள் கொடுத்த பதில்.

இந்த ஊர் இன்னொரு தடவையும் காலியானது. அதைச் சொல்லாமல் ஃபோச்சாவின் அழகைப் பற்றி எழுதுவது சரியாகாது. 1914 ஜூனில் இங்கே பெரும்பான்மையாக இருந்த கிரேக்கர்கள்மேல் ஆயுதம் தாங்கிய கும்பல்கள் பாய்ந்தன. பலர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, மிஞ்சியவர்கள் கிடைத்த படகில் ஏறி லெஸ்போஸுக்கும் தெசலோனிகிக்கும் ஓடினார்கள். அப்போது இங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் சார்த்தியோவும் உடனிருந்தவர்களும் சில வீடுகளில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி மக்களை உள்ளே காத்தார்கள். அவர் புகைப்படங்களும் எடுத்தார்: மூட்டைகளோடு துறையில் நெருக்கியடித்து நிற்கும் குடும்பங்கள், தூரத்தில் எழும் புகை. பழைய போக்கேயர்கள் காலி செய்த ஊரைத் தோண்ட வந்தவரின் கண்முன்னே அதே ஊர் மறுபடி காலியானது. 1919க்குப் பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். 1922இல் நிரந்தரமாகப் போனார்கள். ஏதென்ஸுக்குத் தெற்கே கடலோரத்தில் அவர்கள் அமைத்த ஊருக்குப் 'பழைய போக்கேயா' என்றே பெயர்.

அவர்களுடைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. இளஞ்சிவப்பு எரிமலைக் கல், நீண்ட சன்னல்கள், சில வாசல்களின் மேலே செதுக்கிய ஆண்டு. அவற்றில்தான் கிரீட்டிலிருந்தும் லெஸ்போஸிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். இப்போது சில விடுதிகள். நான் நடந்த தெருக்களில் 1914ஐப் பற்றிச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிரீட்டிலிருந்து துரத்தப்பட்ட பாட்டியின் கதையைப் பாயில் உட்கார்ந்து அந்நியப் பெண்ணுக்குச் சொல்லக்கூடிய ஊருக்கு, இங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் கதையையும் சொல்ல முடியும்.

மாலையில் காற்றாலைகள் நிற்கும் குன்றில் ஏறினேன். கூரை வேய்ந்து புதுப்பித்த கல் உருளைகள். அங்கிருந்து இரண்டு விரிகுடாக்களும், நிலமூக்கும், தீவுகளும் ஒரே பார்வையில் விழுகின்றன. தீவுகளின் பாறைக் குகைகளில்தான் மத்தியதரைக்கடல் சீல்கள் வாழ்கின்றன. உலகம் முழுவதற்கும் ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் இனம். 1990இல் ஃபோச்சாவின் கடலைச் சிறப்புச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். நான் சீல் எதையும் பார்க்கவில்லை. பார்க்க எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு காலத்தில் திறந்த மணலில் படுத்துக் கிடந்த விலங்கு, மனிதர்களின் தொல்லை தாங்காமல்தான் வாய் தண்ணீருக்குள் இருக்கும் குகைகளுக்குள் ஒதுங்கியது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜூலை, ஆகஸ்டு வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இஸ்மீரே அங்கே வந்துவிடும். மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர் மூன்றும் நல்லவை. சந்தை வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை போங்கள். இருட்டும் முன் ஹதுந்தெரேக்குத் திரும்பும் பஸ் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கத் தீவுகளைச் சுற்றிக்காட்டும் படகுகள் சின்னக் கடல் துறையிலிருந்து காலையில் கிளம்புகின்றன. நாள் நீளமாக இருந்தால் ஏறுங்கள். குகைகளுக்குள் கூட்டிப்போகச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். சீல்கள் குட்டி ஈனுவதும் வளர்ப்பதும் அங்கேதான்.